ஒரகடத்தில் 16,800, போலந்தில் ஒரு லட்சம்: குடோன் சம்பளக் கணக்கு

நீங்கள் எழுதியிருப்பது இது. ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் பிக்கர் வேலை (ஆர்டருக்கு வேண்டிய பொருளை ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது), பிடித்தம் போகக் கையில் 16,800 ரூபாய். கூடப் படித்த நண்பர் போலந்தில் அதே வேலை பார்த்து மாதம் ஒரு லட்சம் வாங்குவதாகச் சொல்கிறார். வீடியோ காலில் காட்டியபோது அங்கேயும் அதே ரேக், அதே ஸ்கேனர், அதே பழுப்பு அட்டைப்பெட்டி. "குடோன் வேலைக்கு எந்த நாட்டில் எவ்வளவு சம்பளம், ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் ஏஜெண்ட் ஐந்து லட்சம் கேட்கிறார் என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே என்னை ஏமாற்றுகிறார்களா, அந்த ஐந்து லட்சத்தைக் கட்டிக் கிளம்பலாமா என்பதுதானே? நாடு நாடாகச் சம்பளப் பட்டியல் போட்டால் இந்த இரண்டுக்கும் பதில் வராது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2002 இல் செங்குன்றத்தில் ஒரு குடோனில் லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போடுகிறவனாகச் சேர்ந்தேன். 2006 இல் துபாய் போனேன். ஜெபல் அலியில் எட்டு வருடம், பிக்கராக ஆரம்பித்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, கடைசியில் ஷிப்ட் சூப்பர்வைசர். திரும்பி வந்த பிறகு சென்னையில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் டெண்டருக்கு ஆள் செலவுக் கணக்குப் போடும் வேலை. உங்களுடைய 16,800 இருக்கிறதே, அது என்னைப் போன்ற ஒருவர் எக்செல் கட்டத்தில் அடித்த எண். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நான் வேலை பார்த்ததில்லை. அந்த நாடுகளைப் பற்றிக் கீழே சொல்வது சட்டத்தில் உள்ள கூலி, சங்க ஒப்பந்தங்கள், என்னிடம் வேலை பார்த்துவிட்டு அங்கே போன பையன்கள் சொன்னது ஆகியவற்றை வைத்துத்தான்.

இணையத்தில் "வேர்ஹவுஸ் ஒர்க்கர் சராசரிச் சம்பளம்" என்று வரும் எண்களை நம்பாதீர்கள். அதில் சூப்பர்வைசரும் இருப்பார், ஸ்டோர் கீப்பரும் இருப்பார், பகுதி நேரம் வருகிற மாணவரும் இருப்பார். எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி எடுத்த எண் அது. கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது ஒன்றுதான், அரசாங்கம் போட்ட குறைந்தபட்சக் கூலி. குடோன் வேலை பெரும்பாலான நாடுகளில் அந்தக் கோட்டிலேயோ அதற்குச் சற்று மேலேயோதான் உட்கார்ந்திருக்கும். 2025 நிலவரம் சொல்கிறேன். ஜெர்மனியில் மணிக்கு 12.82 யூரோ. பிரிட்டனில் ஏப்ரல் முதல் 12.21 பவுண்டு. ஆஸ்திரேலியாவில் ஜூலை முதல் 24.95 ஆஸ்திரேலிய டாலர். மலேசியாவில் பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். போலந்தில் மாதம் 4,666 ஸ்வோட்டி, மணிக்கணக்கு என்றால் 30.50. அமெரிக்காவில் மத்திய அரசின் கூலி 2009 ஜூலையில் 7.25 டாலரில் நின்றது, இன்றுவரை நகரவில்லை. ஆனால் அங்கே மாநிலமும் நகரமும் தனித்தனியாகக் கூலி போடுவதால் அந்த 7.25 ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இப்போது உங்கள் நண்பரின் லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். 4,666 ஸ்வோட்டி என்பது பிடித்தத்துக்கு முன்னால். சமூகக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வரி எல்லாம் போகக் கையில் வருவது 3,500 அளவில். ஸ்வோட்டிக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 80,000 ரூபாய். அப்படியென்றால் லட்சம் எங்கிருந்து வந்தது? மாதம் 200 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருப்பார், நைட் ஷிப்டும் பார்த்திருப்பார். பொய் சொல்லவில்லை, மணிக்கணக்கைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அவர் தங்குவது அநேகமாக ஏஜென்சி பிடித்துக் கொடுத்த விடுதி. கட்டிலுக்கு 700, 900 ஸ்வோட்டி சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று பையன்கள் சொல்கிறார்கள். சாப்பாடு, பஸ், போன் என்று இன்னொரு ஆயிரம். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது 1,600, 1,800 ஸ்வோட்டி, அதாவது 40,000 ரூபாய் பக்கம். ஓவர்டைம் கிடைத்த மாதத்தில் 60,000. நீங்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறவர் என்றால் உங்களுக்கு இங்கே மிஞ்சுவது ஐயாயிரமோ ஆறாயிரமோ இருக்கும். ஆக, வித்தியாசம் நிஜம்.

வித்தியாசத்தை மணிக்கணக்கில் பார்த்தால் இன்னும் கூடும். நீங்கள் மாதம் 26 நாள், நாளைக்கு 9 மணி நேரம் என்றால் 234 மணி. மணிக்கு 72 ரூபாய்தான் ஆகிறது. அவருக்கு ஓவர்டைம் இல்லாமல் மணிக்கு 480 ரூபாய். விலைவாசியைச் சேர்த்தால் கணக்கு மறுபடி சுருங்கும். சந்தை விலையில் ஒரு டாலருக்கு 85 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கிற பொருளும் சேவையும் இந்தியாவில் 20, 22 ரூபாய்க்கே கிடைத்துவிடும் என்பது உலக வங்கியின் கணக்கு. போலந்துக்கும் அதே மாதிரி சரிக்கட்டிப் பார்த்தால் உங்கள் மாதச் சம்பளத்துக்கும் அவர் சம்பளத்துக்கும் உள்ள ஐந்து மடங்கு வித்தியாசம் இரண்டு, இரண்டரை மடங்காகிவிடுகிறது. ஆனால் இந்தச் சமாதானம் அங்கேயே குடும்பத்தோடு இருந்து அங்கேயே செலவழிக்கிறவருக்குத்தான் பொருந்தும். உங்கள் நண்பர் சம்பாதிப்பது அங்கே, செலவழிக்கப் போவது வாலாஜாபாத்தில். அவர் மிச்சம் பிடிக்கும் ஸ்வோட்டி 23 ரூபாயாகவே வந்து இறங்கும். ஒரு தலைமுறையே வளைகுடாவுக்குப் போனதன் ரகசியம் இதுதான், இதில் பெரிய பொருளாதாரம் ஒன்றுமில்லை.

சரி, ஏன் இந்த வித்தியாசம்? எல்லாரும் முதலில் சொல்வது "அங்கே திறமை அதிகம், உற்பத்தி அதிகம்" என்பது. பாதி உண்மை. ஆள் கூலி ஏறினால் முதலாளி கன்வேயர் போடுவார், ரோபோ வாங்குவார், ஒரு ஆள் மூன்று ஆள் வேலை செய்கிற மாதிரி தளத்தை அமைப்பார். நானே இங்கே ஒரு குடோனுக்குக் கன்வேயர் போடக் கணக்குப் பார்த்து, நான்கு ஆள் போடுவதே மலிவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூலி குறைவாக இருப்பதால் இயந்திரம் வரவில்லை, இயந்திரம் வராததால் ஒரு ஆளின் வேலையளவு குறைவாகத் தெரிகிறது. அதைக் காட்டியே கூலியையும் ஏற்றாமல் வைக்கலாம். எது முதல், எது பின் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் திறமை என்ற வாதம் முழுக்கச் செல்லாது என்பதற்கு ஒரு இடத்தைக் காட்டுகிறேன்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தின் தெற்குக் கோடியில் ஓட்டாய் மேசா என்று ஒரு பகுதி இருக்கிறது. முழுக்கக் குடோன்கள். எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் டிஹுவானா. அங்கேயும் தொழிற்சாலைகளும் குடோன்களும்தான். ஒரு பேலட், அதாவது பெட்டிகளை அடுக்கிய மரத்தட்டு, டிஹுவானாவில் லாரியில் ஏறி, சுங்கத்தில் நின்று, ஓட்டாய் மேசாவில் இறங்குகிறது. நடுவே சில கிலோமீட்டர் தூரம். ஃபோர்க்லிஃப்டில் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிற அதே மக்கள்தான், ஒரே குடும்பத்தினர்கூட இருப்பார்கள். 2025 இல் சான் டியேகோ நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.25 டாலர், எட்டு மணி நேரத்துக்கு 138 டாலர். டிஹுவானாவில் எல்லைப் பகுதிக்கென்று தனியாக ஏற்றி வைத்த குறைந்தபட்சக் கூலியே நாளொன்றுக்கு 419.88 பெசோ, சுமார் 22 டாலர். ஆறு மடங்கு. பேலட்டின் எடை சுங்கத்தைத் தாண்டும்போது மாறவில்லை, தூக்குகிறவரின் கைப்பழக்கமும் மாறவில்லை. சுவரைத் தாண்டி அந்தப் பக்கத் தளத்தில் நிற்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. குடோன் கூலியில் பெரிய பங்கு இந்த அனுமதிச் சீட்டின் விலை என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் நண்பர் இருக்கிற போலந்திலேயே இதைவிடச் சுவையான கதை இருக்கிறது. அமேசான் 2014 இல் போஸ்னான், வ்ரோட்ஸ்வாஃப் ஆகிய போலந்து நகரங்களின் பக்கத்தில் பெரிய குடோன்களைத் திறந்தது. போலந்துக்காரர்கள் வாங்குவதற்கு அமேசானின் போலந்துக் கடை திறந்தது 2021 இல். அந்த ஏழு வருடமும் அந்தக் குடோன்களில் கட்டிய பெட்டிகளில் பெரும்பாலானவை ஜெர்மனியில் இருப்பவர்களுக்குத்தான். ஜெர்மன் குடோனில் கொடுப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலி. 2013 முதல் பாட் ஹெர்ஸ்ஃபெல்ட், லைப்சிக் ஊர்களில் வெர்டி என்ற ஜெர்மன் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் வேலை நின்றால் போலந்தில் ஓட்டிக்கொள்ளலாம் அல்லவா? 2015 ஜூனில் ஜெர்மனியில் வேலைநிறுத்தம் நடந்தபோது போஸ்னானில் ஷிப்டை நீட்டினார்கள். அதற்குப் பதிலாக அங்கிருந்த சிலர் வேண்டுமென்றே ஆமை வேகத்தில் வேலை பார்த்தார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் அப்படிக் கைகோத்துக்கொள்வது அபூர்வம்.

அந்த ஜெர்மன் தகராறின் காரணம் நம்மில் பலருக்குத் தெரியாது. சங்கம் கேட்டது, "நீ பொருள் விற்கிற கடைக்காரன், ஆகவே சில்லறை வணிகத் துறையின் கூலி ஒப்பந்தப்படி கொடு" என்று. கம்பெனி சொன்னது, "இது கடை இல்லை, லாஜிஸ்டிக்ஸ்" என்று. ஜெர்மனியில் இரண்டு துறைக்கும் தனித்தனிக் கூலி ஒப்பந்தம். சில்லறை வணிகத்தில் அதிகம், லாஜிஸ்டிக்ஸில் குறைவு. ஒரே ஆள், ஒரே பெட்டி, பெயரை மாற்றினால் சம்பளம் மாறுகிறது. இதை நான் இங்கேயும் பார்க்கிறேன். தொழிற்சாலை வளாகத்துக்குள் இருக்கிற ஸ்டோரில் பொருள் எடுத்துக் கொடுக்கிறவர் அந்தக் கம்பெனி ஊழியர் என்றால் கேன்டீன், பஸ், சங்கம் எல்லாம் உண்டு. அதே வேலையை வெளியே ஒரு ஷெட்டுக்கு மாற்றி லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் அவர் காண்ட்ராக்ட் ஆள், சம்பளம் பாதி. நம் பக்கத்தில் கார் கம்பெனிகளைச் சுற்றி இப்படி எத்தனை ஷெட் முளைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணம், நீ கையைக் கட்டினால் எது நிற்கும் என்பது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 2024 அக்டோபர் 1 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மெய்ன் முதல் டெக்சாஸ் வரை 36 துறைமுகம். மூன்றே நாள். ஆறு வருடத்தில் 62 சதவீத உயர்வுக்கு ஒப்பந்தம் ஆனது, அடிப்படைக் கூலி மணிக்கு 39 டாலரிலிருந்து 63 டாலர். அவர்கள் இறக்கிய கன்டெய்னர் அப்படியே லாரியில் ஏறி நியூ ஜெர்சியில் பக்கத்திலேயே இருக்கிற குடோனுக்குப் போகிறது. அங்கே அதைப் பிரித்து அடுக்குகிறவருக்குச் சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலி 2025 இல் 15.49 டாலர். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், ஆனால் 63 பக்கத்தில்கூட வராது. கப்பல் ஒரு நாள் காத்திருந்தால் ஆகிற நஷ்டம் பெரிது, துறைமுகத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வைக்கவும் முடியாது. குடோன் அப்படி இல்லை. இந்த ஷெட்டில் பிரச்சினை என்றால் அடுத்த மாவட்டத்தில் இன்னொன்று. 2025 ஜனவரியில் அமேசான் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தன் ஏழு குடோன்களையும் மூடுவதாக அறிவித்தது. அதில் லாவல் ஊரில் இருந்த ஒன்றில் அதற்கு முந்தைய வருடம்தான் சங்கம் அமைந்திருந்தது. மூடியதற்கு அது காரணமில்லை என்றது கம்பெனி, சங்கம் நம்பவில்லை. அங்கே நான் எந்தப் பக்கமும் பேசவில்லை, ஆனால் மூடிவிட்டுப் போக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்திலேயே கேரளாவில் சுமட்டுத் தொழிலாளிகளின், அதாவது சுமை தூக்குகிறவர்களின், நோக்குக்கூலி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி. 2018 இல் அதற்குத் தடை வந்தது. அது சரியா தவறா என்பது வேறு விவகாரம். வாசலில் நிற்கிற ஆளைத் தாண்டி மூட்டை நகராது என்றால் அந்த ஆளின் விலை என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

வளைகுடாவைப் பற்றி நான் அனுபவித்தே சொல்ல முடியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் நம்மைப் போன்ற தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று சட்டத்தில் ஒரு எண் கிடையாது. கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து உண்டு: அடிப்படை 1,000 ரியால், தங்குமிடம் கம்பெனி தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300. துபாயில் என் முதல் சம்பளம் 1,200 திர்ஹம். ஸ்லிப்பில் அதை 600 அடிப்படை, 600 அலவன்ஸ் என்று உடைத்திருந்தார்கள். புதிதாக வந்தவனுக்கு அதில் என்ன வந்தது, மொத்தம் 1,200 தானே என்று விட்டுவிட்டேன். முதல் ரம்ஜான் சீசனில் எழுபது மணி நேரம் ஓவர்டைம் பார்த்துவிட்டு ஸ்லிப்பை வாங்கியபோதுதான் உறைத்தது. ஓவர்டைமை அந்த 600 அடிப்படையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். 600 ஐ 30 நாளால், 8 மணியால் வகுத்தால் மணிக்கு இரண்டரை திர்ஹம். அதன் மேல் 25 சதவீதம். மணிக்கு மூன்று திர்ஹம் சொச்சம். எழுபது மணி நேரத்துக்கு 219 திர்ஹம். அந்தச் சமயம் ஒரு சாயா ஒரு திர்ஹம். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்கும் அதே அடிப்படைதான் அளவுகோல்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். இன்றைய அமீரகச் சட்டமும் ஓவர்டைமை அடிப்படையை வைத்துத்தான் சொல்கிறது. அதனால் யாராவது வளைகுடா ஆஃபர் லெட்டரைக் காட்டினால் நான் மொத்தத்தைப் பார்ப்பதே இல்லை, அடிப்படை எவ்வளவு என்றுதான் தேடுவேன்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன், சொல்லச் சங்கடம்தான். ஒரே ஷிப்டில் ஒரே மாதிரி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய எங்கள் மூன்று பேருக்கு மூன்று சம்பளம். பிலிப்பைன்ஸ்காரருக்கு அதிகம், எனக்கு நடுவில், நேபாளத்துப் பையனுக்குக் குறைவு. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துப் போட்ட சம்பளம். அவரவர் ஊரில் எவ்வளவு கிடைக்குமோ அதற்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும் என்பது கணக்கு. சொந்த நாட்டு அரசாங்கம் "என் ஆளை இவ்வளவுக்குக் கீழே எடுக்காதே" என்று அழுத்தமாகச் சொன்னால் கொஞ்சம் மாறும். இந்திய அரசும் அப்படி ஒரு பரிந்துரைக் கூலியை வைத்திருக்கிறது. ஆனால் 2020 செப்டம்பரில், கொரோனா நேரத்தில் வேலை போய்விடக் கூடாது என்று சொல்லி, அமீரகம் உள்ளிட்ட நாடுகளுக்கு அதை மாதம் 200 டாலராக இறக்கினார்கள். எதிர்ப்பு வந்து அடுத்த வருடம் திரும்பப் பெற்றார்கள். நம் ஆளின் விலையை நாமே குறைத்த கதை அது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை என்றால் கூலி குறைவு என்றும் நினைத்துவிடாதீர்கள். டென்மார்க்கிலும் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் சங்கங்களும் முதலாளிகள் அமைப்பும் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தத்தில் குடோன் தொழிலாளிக்குக் கிடைப்பது ஐரோப்பாவிலேயே உச்சத்தில் இருக்கிறது. சட்டம் இல்லாத துபாயும் சட்டம் இல்லாத கோபன்ஹேகனும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. நிரந்தரம் இல்லாமல் கூப்பிட்டால் மட்டும் வருகிற ஆளுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது என்பதற்காக. 24.95 டாலர் அவருக்கு 31.19 ஆகிறது. நிச்சயமில்லாத வேலைக்கு விலை அதிகம். நம்மிடம் அப்படியே தலைகீழ், காண்ட்ராக்ட் ஆள் என்றால் நிரந்தர ஆளைவிடக் குறைவு.

இப்போது உங்கள் 16,800 க்கு வருகிறேன். 2017 இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் கம்பெனிகள் வரிக்காக மாநிலத்துக்கு ஒரு சின்னக் குடோன் வைத்திருந்தன. அதன் பிறகு எல்லாவற்றையும் சுருட்டி நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய ஷெட்டுகளாக மாற்றினார்கள். அப்போதுதான் ஸ்கேனர் வந்தது, பி.எஃப். வந்தது, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்தது. கூலி மட்டும் மாநில அரசின் குறைந்தபட்சத்தை ஒட்டியே நிற்கிறது. நான் டெண்டருக்குக் கணக்குப் போடுவது இப்படி: குறைந்தபட்சக் கூலியும் அகவிலைப்படியும், அதன் மேல் முதலாளி பங்கு பி.எஃப். 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33, சீருடை, கடைசியில் காண்ட்ராக்டர் கமிஷன். மேலே உள்ளதெல்லாம் சட்டம், எல்லாருக்கும் ஒன்றுதான். போட்டி நடப்பது கமிஷனில். ஒருவர் ஆறு சதவீதம் என்பார், இன்னொருவர் மூன்றுக்கே செய்கிறேன் என்பார். மூன்றுக்குச் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும், எங்கள் மேனேஜருக்கும் தெரியும். மீதி மூன்று எங்கிருந்து வரும்? ஓவர்டைமை ஒற்றை ரேட்டில் போடுவதிலிருந்து, ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் வெட்டுவதிலிருந்து, பி.எஃப். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இழுப்பதிலிருந்து. நான் கையெழுத்துப் போட்ட கோப்புகளில் அப்படிப்பட்டவையும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

ஆகவே "ஏமாற்றுகிறார்களா" என்ற கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிக்கலாம். யூ.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணைப் போட்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதா மாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்டைம் சட்டப்படி இரட்டிப்பு, ஸ்லிப்பில் அப்படி வருகிறதா பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அப்படிப் பாதியைத் தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில் சேரும். உங்கள் ஸ்லிப்பில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்துப் பாதிகூட இல்லை என்றால் எச்.ஆர். இடம் கேளுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் உங்களைச் சட்டப்படி யாரும் ஏமாற்றவில்லை. சட்டமே அவ்வளவு கீழே இருக்கிறது என்பது வேறு துக்கம்.

போகலாமா என்பதற்கு. பிரிட்டனில் குடோன் வேலைக்கென்று வேலை விசா கிடையாது. அங்கே ஸ்கேனர் பிடித்திருக்கும் நம் பையன்கள் பெரும்பாலும் மாணவர்கள், கல்லூரி நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. கனடாவில் மாணவர்களுக்கு அது 24 மணி. பிராம்ப்டன் குடோன்களைக் காட்டி வரும் ரீல்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் பின்னால் கல்லூரிக் கட்டணக் கடன் இருக்கிறது. சிங்கப்பூரில் சாதாரணக் குடோன் வேலைக்கு இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் பொதுவாகக் கொடுப்பதில்லை, மலேசியர்களுக்கு உண்டு. ஜெர்மனியில் நேரடியாகப் பிக்கராகப் போக வழியில்லை. ஆனால் குடோன் லாஜிஸ்டிக்ஸுக்கே மூன்று வருடத் தொழிற்பயிற்சிப் படிப்பு இருக்கிறது, மாதம் உதவித்தொகையோடு. ஜெர்மன் மொழியை ஓரளவு கற்றுக்கொள்ள வேண்டும், அது ஒரு வருட வேலை. உங்களுக்கு 25 வயதுக்குள் என்றால் நான் அதைத்தான் யோசிக்கச் சொல்வேன், ஏனென்றால் படித்து முடித்தால் அனுமதிச் சீட்டு உங்கள் பெயரிலேயே இருக்கும்.

போலந்துக்கு வழி இருக்கிறது, அதனால்தான் ஏஜெண்டுகள் அங்கே மொய்க்கிறார்கள். ஐந்து லட்சத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் முதல் மாதம் வட்டியே 10,000. மாதம் 40,000 மிச்சம் பிடித்து அப்படியே கடனுக்குக் கட்டினால் அடைய 14, 15 மாதம் ஆகும். விசா ஒரு வருடத்துக்குத்தான் என்றால் கணக்கு எங்கே நிற்கிறது பாருங்கள். இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு ஏஜெண்ட் தன் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஐந்து லட்சம் கேட்கிறவரின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நண்பரிடம் சம்பளத்தைக் கேட்காதீர்கள், மூன்று பொருளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓவர்டைம் இல்லாத ஒரு மாதத்தின் ஸ்லிப். ஒப்பந்தத்தின் முதல் பக்கம்: அதில் "உமோவா ஓ பிராட்செ" என்று இருந்தால் முறையான வேலை ஒப்பந்தம், சம்பளத்தோடு விடுப்பு உண்டு; "உமோவா ஸ்லெட்சேனியே" என்று இருந்தால் மணிக்கூலி, வேலை இல்லாத வாரம் காசு இல்லை. அப்புறம், கட்டில் வாடகைக்குப் பிடித்த ரசீது. பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அவற்றை இங்கேயே போடுங்கள். பார்த்துவிட்டு மிச்சக் கணக்கைப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், தம்பி.